குடும்ப வரலாற்றுத் தளங்களின் சந்தா: எப்போது கட்டுவது, எப்போது நிறுத்துவது

முன்னோர்களைப் பற்றிய பழைய பதிவேடுகளைத் தேட உதவும் ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட், மைஹெரிடேஜ் என்ற மூன்று தளங்களுக்கும் பல வருடங்களாக மாறி மாறிச் சந்தா கட்டி வருகிறேன். மூன்றையும் வருடம் முழுக்க ஓட விடுவதில்லை. ஒரு சமயத்தில் ஒன்றுதான். அதில் தேட வேண்டியதைத் தேடி முடித்ததும் நிறுத்திவிடுவேன். அப்புறம் சில மாதங்கள் இலவசத் தளங்கள். நல்ல தள்ளுபடி வரும்போது அடுத்த தளம். இதனால் செலவு பாதிக்கும் கீழே வந்தது. அதைவிடப் பெரிய லாபம், தேடலே ஒழுங்குக்கு வந்தது. நாள் எண்ணிக் கட்டிய சந்தாவில் உட்காரும்போது எதைத் தேட வந்தோம் என்பது மனதில் தெளிவாக இருக்கிறது.

முதலில் இந்தத் தளங்கள் எப்படி விலை வைக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய தள்ளுபடி எல்லாம் புதிதாகச் சேர்கிறவருக்கும், விட்டுப்போய்த் திரும்பி வருகிறவருக்கும்தான். தொடர்ந்து கட்டிக்கொண்டே இருப்பவருக்குப் பெரும்பாலும் முழு விலை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் வருட விலை. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், அடுத்த வருடம் என்ன தொகைக்குப் புதுப்பிக்கப்படும் என்று ஒரு வரி இருக்கும். நான் இப்போது அந்த வரியைத்தான் முதலில் படிக்கிறேன். ஒரு தளத்தில் பாதி விலைக்குச் சேர்ந்தேன். அடுத்த வருடம் முழு விலையை எடுத்துக்கொண்டார்கள். முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள், உண்மைதான். ஆனால் அதன் தலைப்பில் பணம் என்ற பேச்சே இல்லை. வழக்கமான செய்தி மடல் மாதிரியே விளம்பர மடல்களுக்கு நடுவில் கிடந்தது. நீண்ட நாள் வாடிக்கையாளரை இப்படி நடத்துவது சரியில்லை என்பதே இன்றுவரை என் எண்ணம்.

அதனால் எனக்கு ஒரே விதி: சந்தா வாங்கிய அன்றைக்கே ஆட்டோ ரினியூவலை, அதாவது தானாகப் புதுப்பித்துப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை, நிறுத்திவிடுவது. நிறுத்தினால் உடனே கதவை மூடிவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. பணம் கட்டிய காலம் முடியும் வரை எல்லாம் திறந்தே இருக்கும், அடுத்த தவணை மட்டும் போகாது. கடைசி நாள் வரை காத்திருப்பதுதான் ஆபத்து. ஆன்செஸ்ட்ரியின் விதிமுறையில், புதுப்பிப்புத் தேதிக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக ரத்து செய்ய வேண்டும் என்று இருக்கிறது. தேதி நேரம் எந்த நாட்டுக் கணக்குப்படி என்ற குழப்பம் வேறு சேர்ந்துகொள்ளும். கார்டு கேட்கிற 14 நாள் இலவசச் சோதனைக் காலத்துக்கும் இதே கவனம் வேண்டும்.

நிறுத்தும் வழியை ஒரு தடவை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயரைத் தட்டினால் கணக்கு அமைப்புகள் வரும். அதில் சந்தா என்ற பகுதி. அங்கே திட்டத்தின் பெயர், புதுப்பிப்புத் தேதி, அன்றைக்குப் போகப்போகும் தொகை மூன்றும் இருக்கும். ரத்து என்ற இணைப்பு பொத்தானாக இருக்காது, சின்ன எழுத்தில் கீழே கிடக்கும். அதைத் தட்டியதும் நீங்கள் எதையெல்லாம் இழப்பீர்கள் என்று ஒரு பக்கம். அடுத்து, ஏன் போகிறீர்கள் என்ற கேள்வி. விலை அதிகம் என்று தேர்ந்தெடுத்தால் பல சமயம் அங்கேயே ஒரு சலுகை விலை காட்டுவார்கள். அது நன்றாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. வேண்டாம் என்றால் தொடருங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். கடைசியாக உறுதிப்படுத்தும் பொத்தான் ஒன்று பாக்கி இருக்கும். அதை அழுத்திய பிறகு சந்தாப் பக்கத்துக்குத் திரும்பப் போய், புதுப்பிக்கப்படும் என்பது காலாவதியாகும் என்று மாறியிருக்கிறதா பாருங்கள். உறுதி மின்னஞ்சல் வரும், அதைத் தனிக் கோப்புறையில் போட்டு வையுங்கள். பின்னால் பணம் போய்விட்டால் வாடிக்கையாளர் சேவையில் பேச அதுதான் ஆதாரம்.

செல்பேசிச் செயலி வழியாகச் சந்தா வாங்கியிருந்தால் கதையே வேறு. அது ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கில் ஓடும். தளத்துக்குள் போய்த் தேடினால் ரத்து செய்யும் இடமே தெரியாது. செயலியை அழித்தாலும் சந்தா அழியாது; செல்பேசியின் சந்தாப் பட்டியலுக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும். எதற்கு இந்தச் சிக்கல், கணினியில் தளத்துக்கே நேராகப் போய் வாங்கிவிடுவது நல்லது.

தள்ளுபடிக்குக் காலம் உண்டு, ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ரூட்ஸ்டெக் என்ற குடும்ப வரலாற்று மாநாடு நடக்கும், அதை ஒட்டிச் சலுகைகள் வரும். ஏப்ரல் 25 டி.என்.ஏ நாள். 1953-ல் டி.என்.ஏ-வின் அமைப்பு வெளியானதையும், 2003-ல் மனித மரபணுத் திட்டம் முடிந்ததையும் நினைவுபடுத்தும் நாள் அது. அன்றைக்கு, உறவினரைக் கண்டுபிடிக்கச் சில தளங்கள் விற்கிற டி.என்.ஏ சோதனைப் பெட்டிகள்தான் மலிவாகும், சந்தா அவ்வளவாக இல்லை. நவம்பர் கடைசியில் வருகிற பிளாக் ஃபிரைடே சமயம்தான் என் அனுபவத்தில் சந்தாவுக்குச் சிறந்தது. அப்போது வாங்கினால் புதுப்பிப்புத் தேதியும் அதே காலத்தில் விழும், அடுத்த வருடச் சலுகையோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். பண்டிகைக் காலத்தில் அன்பளிப்புச் சந்தாவும் குறைந்த விலைக்கு வரும். அதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு முறை கட்டினால் அதோடு சரி, தானாகப் புதுப்பிக்காது.

இலவச வார இறுதிகளும் உண்டு. போர்வீரர் நினைவு நாள்களை ஒட்டி ராணுவப் பதிவேடுகளைச் சில நாள் திறந்துவிடுவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எந்தத் தொகுப்பு திறந்திருக்கிறது என்பதைப் பாருங்கள், எல்லாமே திறந்திருக்காது.

தள்ளுபடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தேவையில்லாத திட்டத்தை வாங்கினால் நஷ்டம்தான். ஆன்செஸ்ட்ரியில் ஒரு நாட்டுப் பதிவேடுகள் மட்டும் உள்ள திட்டம், உலகத் திட்டம், செய்தித்தாள்களும் ஃபோல்ட்3 என்ற தளத்தின் ராணுவப் பதிவேடுகளும் சேர்ந்த பெரிய திட்டம் என்று படிப்படியாக இருக்கிறது. நாட்டுக்கு நாடு தள முகவரியும் வேறு, திட்டமும் விலையும் வேறு. ஃபைண்ட்மைபாஸ்டும் அப்படித்தான். எந்தப் பதிவேடு எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்பதைப் பணம் கட்டாமலே பார்க்கலாம். தொகுப்புகளின் பட்டியல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சந்தா இல்லாமல் பெயரைத் தேடினாலும் எத்தனை முடிவுகள், எந்த வருடம் என்ற அளவுக்குக் காட்டும், பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைத்தான் மறைக்கும். நான் கட்டுவதற்கு முன்னால் என் கேள்விகளை எழுதி வைத்து ஒவ்வொன்றையும் இப்படித் தட்டிப் பார்ப்பேன். பாதிக்கு மேல் ஒன்றும் வரவில்லை என்றால், எழுபது சதவீதத் தள்ளுபடி கொடுத்தாலும் அந்தத் தளம் இப்போது வேண்டாம்.

காத்திருப்பதற்கும் பலன் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் ஃபைண்ட்மைபாஸ்டில் வந்தபோது சந்தாதாரர்கள்கூட ஒவ்வொரு படத்துக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பிறகு அது அவர்களுடைய மேல்நிலைச் சந்தாவுக்குள் வந்தது. 2025-ல் ஆன்செஸ்ட்ரியிலும் வந்துவிட்டது. அவசரம் இல்லாத கேள்வியைப் பட்டியலிலேயே வைத்திருந்தவர்களுக்குத் தனிச்செலவு மிச்சம்.

இலவசத் தளங்களை முதலில் தீர்த்துவிட்டுத்தான் சந்தாவுக்கு வர வேண்டும் என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஃபேமிலிசர்ச் முழுக்க இலவசம். 1894-ல் யூட்டாவில் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் தொடர்ச்சி அது. அவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்த லட்சக்கணக்கான மைக்ரோஃபிலிம் சுருள்களை டிஜிட்டலாக்கும் வேலை 2021-ல் முடிந்தது. நிறையப் படங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம், சிலவற்றுக்கு அவர்களோடு இணைந்த நூலகத்துக்குப் போக வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் பிறப்பு, திருமணம், இறப்பு அட்டவணைக்கு ஃப்ரீபிஎம்டி என்ற தளம் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கு ஃபைபிஸ் என்ற சங்கத்தின் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். அங்கே குறிப்பு கிடைத்தால், மூலப் பதிவேட்டின் படத்துக்கு மட்டும் ஃபைண்ட்மைபாஸ்டில் ஒரு மாதச் சந்தா போதும். பல பொது நூலகங்கள் ஆன்செஸ்ட்ரியின் நூலகப் பதிப்பை வாங்கி வைத்திருக்கின்றன. அதில் நம் குடும்ப மரத்தைக் கட்ட முடியாது, ஆனால் பதிவேட்டுப் படத்தை நமக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளலாம்.

இனி, சந்தா முடிந்தால் என்ன ஆகும் என்பது. மரம் அழியாது. நீங்கள் சேர்த்த பெயர்கள், தேதிகள், நீங்களே ஏற்றிய புகைப்படங்கள் எல்லாம் இருக்கும். பூட்டப்படுவது தளம் கொடுத்த பதிவேட்டுப் படங்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு எதிரே ஞானஸ்நானப் பதிவு இணைக்கப்பட்டிருப்பது தெரியும். தட்டினால் சந்தா கேட்கும். மைஹெரிடேஜில் இலவசக் கணக்குக்கு 250 பேர் வரைதான். சந்தா காலத்தில் அதைத் தாண்டியிருந்தால் இருப்பவர்கள் அப்படியே இருப்பார்கள், புதிதாகச் சேர்க்கத்தான் முடியாது.

ஆகவே சந்தா ஓடும்போதே ஒவ்வொரு படத்தையும் இறக்கி வைக்க வேண்டும். மரத்தை ஜெட்காம் கோப்பாக, அதாவது குடும்ப மரத்தை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகும் பொது வடிவக் கோப்பாக, எடுத்துவிட்டோமே, போதாதா என்று கேட்பார்கள். போதாது. பெயரும் தேதியும் உறவும் அதில் வரும், தளத்தின் பதிவேட்டுப் படங்கள் வராது. நான் கோப்புக்குப் பெயர் வைக்கும் முறை இது: முதலில் வருடம், அடுத்து ஆவணத்தின் வகை, ஆள் பெயர், ஊர். 1881, கணக்கெடுப்பு, பெயர், ஊர் என்று வைத்தால் கோப்புறையைத் திறந்ததுமே ஒருவரின் வாழ்க்கை வரிசையாக நிற்கும். படத்தோடு அதே பெயரில் ஒரு சின்ன உரைக் கோப்பும் வைப்பேன். எந்தத் தளம், தொகுப்பின் பெயர், ஆவணக் காப்பகத்தின் எண், பக்கம், பார்த்த தேதி. படத்தின் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுக்கக் கூடாது. முழுப் பக்கமும் வேண்டும், முடிந்தால் முந்தைய பக்கமும் அடுத்த பக்கமும். கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடியும். பக்கத்து வீட்டில் மாமனார் குடும்பம் இருப்பது சில வருடம் கழித்து வேறொரு திருமணப் பதிவைப் பார்த்த பிறகுதான் புரியும். அப்போது சந்தா இருக்காது, பக்கம் கையில் இருக்கும்.

ஆட்டோ ரினியூவலை விட்டுவைப்பதே லாபம் என்ற நிலையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சில தளங்கள் தொடர்ந்து இருப்பவருக்குப் புதுப்பிப்பில் ஒரு பங்கைக் குறைக்கின்றன. அந்தச் சலுகை ஆட்டோ ரினியூவல் ஓடினால்தான் கிடைக்கும். வாராவாரம் அந்தத் தளத்தில் உட்காருகிறவர், டி.என்.ஏ சோதனையில் பொருந்திய உறவினர்களின் மரங்களைத் தொடர்ந்து பின்தொடர்கிறவர், இவர்கள் அப்படியே விடலாம். புதுப்பிப்புக்கு மூன்று வாரம் முன்னால் காலண்டரில் ஒரு நினைவூட்டல் மட்டும் போட்டு வைத்து, புதியவர்களுக்கு அன்றைக்கு என்ன விலை ஓடுகிறது என்று உள்நுழையாமல் ஒரு தடவை பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, அதே விலை எனக்கும் கிடைக்குமா என்று நேராகக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டதற்கு எனக்குப் பலமுறை குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மறுத்தால் நிறுத்திவிட்டு அடுத்த சலுகை வரும்வரை காத்திருப்பேன்.

உறவினர்களை மரத்துக்கு அழைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அவர்களிடம் சந்தா இல்லையென்றால் இணைத்த பதிவேட்டுப் படம் அவர்களுக்குத் திறக்காமல் போகலாம். வயதான அத்தையிடம் லாகின், கடவுச்சொல் என்று விளக்குவதைவிட, இறக்கி வைத்த படத்தை மின்னஞ்சலில் அனுப்பி, இதில் இருக்கும் பெயர்களில் யாரைத் தெரியும் என்று கேட்பது எளிது. எந்தத் தளத்திலும் இல்லாத தகவல் அந்தப் பதிலில்தான் வரும்.