முன்பக்கம் மலை, பின்பக்கம் கணக்கு

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையிலிருந்து ஒரு ஒழுங்கை தள்ளி எங்களுக்கு வாடகைக்கு விடும் மூன்று அறைகள் இருக்கின்றன. அறைக்கு இரண்டு போத்தல் தண்ணீர் வைப்பது வழக்கம். போன சீசனில் வந்த ஜேர்மன் அம்மா ஒருவர் போத்தலைக் கையில் எடுத்தார், ஆனால் மூடியைத் திறக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு கேட்டார்: "இதில் கல்சியம் எவ்வளவு? ஊற்று எந்த ஊரில் இருக்கிறது?" எனக்குத் தெரிந்தது விலை மட்டும்தான்.

அவருடைய ஊரில் ஊற்றின் பெயரும் இடமும் போடாமல் மினரல் வோட்டர் விற்க முடியாதாம். அவர் வீட்டில் குடிப்பது கெரொல்ஸ்டைனர் என்ற ஜேர்மன் மினரல் வோட்டர். லீட்டருக்குக் கல்சியம் 348 மில்லிகிராம், மக்னீசியம் 108. நாங்கள் நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு மென்று தேடிக்கொள்ளும் கல்சியத்தை அவர்கள் தண்ணீரிலேயே குடித்துவிடுகிறார்கள்.

ரோசம் வந்துவிட்டது. சந்திக் கடையில் மூன்று வகைப் போத்தல், சுப்பர்மார்க்கட்டில் எவியான் என்ற பிரெஞ்சு மினரல் வோட்டர் ஒன்று, எல்லாம் வாங்கிவந்து குசினி மேசையில் வரிசையாக வைத்தேன். எவியான் பில்லைப் பார்த்த மனைவி, "பச்சைத் தண்ணிக்கு இவ்வளவு காசா?" என்று கேட்டதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

முதல் போத்தலில் பனி மூடிய மலைப் படம். இலங்கையில் எந்த மலையில் பனி மூடுகிறது என்று கேட்கக்கூடாது. பின்னால் சின்ன எழுத்தில் எஸ்.எல்.எஸ். 894. எஸ்.எல்.எஸ். என்பது இலங்கையின் தரச் சான்று. இந்த இலக்கம் போத்தலில் அடைத்த குடிநீருக்கு உரியது. இயற்கை மினரல் வோட்டருக்கு உரிய இலக்கம் 1038. இத்தனை வருசமாகக் கடையில் "ஒரு மினரல் வோட்டர் தாங்கோ" என்று கேட்டு நான் வாங்கியது பெரும்பாலும் 894தான். அது ஒன்றும் மோசடி இல்லை; போத்தலில் குடிநீர் என்றுதான் போட்டிருக்கிறது, மினரல் என்பது எங்கள் வாயில் வந்த பெயர். தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளும் ஆர்.ஓ. மெசினில் வடிகட்டும்போது கிருமியோடு உப்புகளும் பெரும்பாலும் போய்விடுகின்றன. டீ.டி.எஸ். என்று லேபலில் இருப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தக் கணக்கு. இந்தப் போத்தலில் அது லீட்டருக்கு ஐம்பது மில்லிகிராமுக்குள். வாயில் வைத்தால் சப்பென்று இருக்கிறது. ஆனால் தேத்தண்ணிக்கு இதை அடிக்க ஆள் இல்லை. சாயம் வடிவாக இறங்கியது, மேலே ஆடை கட்டவில்லை.

இரண்டாவது போத்தலில் 1038 இருந்தது. ஊற்று இருக்கும் இடம், கல்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட் எல்லாம் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். குடிக்க எனக்குப் பிடித்தது இதுதான். நல்ல கிணற்றுத் தண்ணீரின் ருசி நாக்கின் பின்பக்கத்தில் லேசாக நிற்கிறது.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திகதி கழுத்தில் அச்சாகி அழிந்துபோயிருந்தது. திறந்தவுடன் பிளாஸ்டிக் மணம். கடைக்கு வெளியே வெயிலில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்ததை நானே கண்டிருந்தும் வாங்கியது என் பிழை. கொண்டுபோய் வாழைக்கு ஊற்றினேன்.

எவியானில் கல்சியம் 80, மக்னீசியம் 26. கல்சியத்தை 2.5ஆலும் மக்னீசியத்தை 4.1ஆலும் பெருக்கிக் கூட்டினால் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது கேத்தலில் சுண்ணாம்பு படியவைக்கும் குணத்தின் அளவு, வரும். இதற்கு 300ஐத் தாண்டுகிறது. இந்தக் கணக்கு உண்மையா என்று கேத்தலில் ஊற்றிக் கொதிக்க வைத்தேன். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தது. தேத்தண்ணி மங்கலாகி மேலே ஒரு ஆடை மிதந்தது. பிரான்சிலிருந்து கப்பலில் வந்த தண்ணீரில் போட்ட தேத்தண்ணியைவிட, கந்தளாய்க் குளத்திலிருந்து எங்களுக்கு வரும் பைப் தண்ணீரில் போட்டது நன்றாக இருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார், அவ்வளவுதான்.

என் அம்மாவுக்குப் பிரசர் இருப்பதால் லேபலில் சோடியம் என்ற வரியையும் பார்த்தேன். கெரொல்ஸ்டைனரில் லீட்டருக்கு 118 மில்லிகிராம். பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு கிராம் கறி உப்பிலேயே ஏறக்குறைய 400 இருக்கிறது. அம்மா ஒரு நேரச் சோற்றோடு சாப்பிடும் கருவாட்டுத் துண்டை விட்டுவிட்டுத் தண்ணீரில் உப்புத் தேடியிருக்கிறேன்.

கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்களுக்குத்தான் இந்த வரி உண்மையில் முக்கியம். சோடியம் 200க்குக் கீழே, சல்பேட் 250க்குக் கீழே இருக்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போத்தலானாலும் கொதிக்க வைத்துத்தான் கரைக்க வேண்டும். சீல் உடையாமல் இருப்பதால் தண்ணீரில் கிருமியே இல்லை என்று ஆகாது. தங்கச்சி பிள்ளையோடு வந்தபோது இதைச் சொன்னேன், "அண்ணா எப்போ டொக்டர் ஆனீங்கள்?" என்றாள்.

விலையையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் அரசாங்கம் உச்ச விலை வைத்திருக்கிறது: அரை லீட்டர் 70 ரூபா, ஒரு லீட்டர் 100, ஒன்றரை லீட்டர் 130. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் வேர்த்து விறுவிறுத்து நின்ற என்னிடம் அரை லீட்டருக்கு ஒருவர் 100 கேட்டார். தாகத்தில் கொடுத்துவிட்டேன். அந்த 30 ரூபா இன்னும் மனதில் இருக்கிறது.

இப்போது அறைகளில் வைப்பது இரண்டாவது போத்தல். எங்களுக்குப் பைப் தண்ணீரைக் கொதிக்க வைத்து மண்பானையில் ஊற்றி வைக்கிறோம். அது மூன்றையும்விடக் குளிர்ச்சி, காசும் இல்லை. மழை நாளில் பைப் தண்ணீர் கலங்கி வந்தால் மட்டும் முதலாவது வகையில் ஐந்து லீட்டர் கான் ஒன்று வாங்குகிறேன்.

சந்திக் கடை முதலாளி பெட்டிகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். நான் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடுவதைக் கண்டாலே, "அண்ணன், 1038 உள்ளுக்கு இருக்கு, படிச்சது போதும், எடுங்கோ" என்கிறார்.