போஸ்ட்கிரெஸ் அரே ஓவர்ஃப்ளோ திருத்தம்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

மின்னளவிகளின் வாசிப்புகளைப் பல ஆண்டுகளாகப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் அரேக்களாகவே (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் அமைப்பு) சேமித்து வருகிறோம். ஆகவே, அரே சுட்டெண்களை (உறுப்பின் இடத்தைக் குறிக்கும் எண்) கையாளும் பகுதியில் வெளிப்பட்ட, சிவிஇ-2023-5869 என்று பட்டியலிடப்பட்ட பாதுகாப்புக் குறைபாடு எங்களை நேரடியாகப் பாதிக்கக்கூடியதாக இருந்தது. அதற்கான திருத்தம் 2023 நவம்பர் 9 அன்று 16.1, 15.5, 14.10, 13.13, 12.17, 11.22 ஆகிய பதிப்புகளில் வெளிவந்தது.

போஸ்ட்கிரெஸ் அரேயின் சுட்டெண் 1இல்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது எதிர்ம எண்ணாகவும் இருக்கலாம். தொடக்கத்துக்கு முன்னுள்ள ஓரிடத்தில் மதிப்பை எழுதினால், கீழ்வரம்பிலிருந்து (அரே தொடங்கும் சுட்டெண்) அந்தச் சுட்டெண்ணைக் கழித்து, முன்னால் எத்தனை இடங்களைச் சேர்க்க வேண்டும் என்று சர்வர் கணக்கிடும். கீழ்வரம்பு 2147483646 ஆகவும் சுட்டெண் -2147483648 ஆகவும் இருந்தால் விடை 4294967294. 32 பிட் முழு எண்ணில் அது அடங்காமல் -2 ஆகச் சுருங்கிவிடும்; இதுவே ஓவர்ஃப்ளோ. இப்படித் தவறிய அளவை நம்பி அடுத்த படிகள் நடக்கும்போது, ஒதுக்கப்படாத நினைவகத்தில் எழுதவும் அதைப் படிக்கவும் வழி திறக்கிறது. இதற்கு சூப்பர்யூசர் (எல்லா அனுமதிகளும் உள்ள பயனர்) உரிமை தேவையில்லை, சாதாரண லாகின் போதும் என்பதே என்னை மிகவும் கவலைகொள்ள வைத்தது.

திருத்தம் செம்மையானது. கழித்தலிலும் கூட்டலிலும் ஓவர்ஃப்ளோ நேர்கிறதா என்று அங்கேயே சோதித்து, நேர்ந்தால் அரேயின் உச்ச அளவான 134217727ஐக் குறிப்பிட்டுப் பிழைச்செய்தி தருகிறது. தரவு முழுவதையும் டம்ப் (வெளிநகல்) எடுத்து மீட்டெடுக்க வேண்டியிருக்கவில்லை. சர்வரை நிறுத்தி, புதிய பைனரிகளை (இயங்கு நிரல் கோப்புகள்) வைத்து, மீண்டும் தொடங்கினோம். அதன்பின் எங்கள் வினவல்கள் எதையும் மாற்ற நேரவில்லை.

ஆயினும், வரம்புக்குள் இருக்கும் பெரிய சுட்டெண்ணை இத்திருத்தம் தடுக்காது. மூன்றே உறுப்புகள் கொண்ட அரேயில் பத்துக் கோடியாவது இடத்தில் எழுதினால் இடைவெளி முழுவதும் நல் (NULL, மதிப்பில்லை என்ற குறி) மதிப்புகளால் நிரம்பும். நல் ஒன்றுக்கு ஒரு பிட் என்றாலும், அதற்கு மட்டுமே நினைவகத்தில் சுமார் 1.25 கோடி பைட் தேவைப்படும். இதற்காகக் கீழ்வரம்பு 1 என்றும், மேல்வரம்பு இன்னதைத் தாண்டக்கூடாது என்றும் டேபிளில் செக் கட்டுப்பாடு (சேமிக்கும் மதிப்பைச் சோதிக்கும் விதி) வைத்துள்ளோம். புதிய பதிப்புக்கு மாறாமல் இந்தக் கட்டுப்பாட்டை மட்டும் நம்புவது ஆபத்து. அரே முழுவதுமாக உருவான பிறகே செக் சோதிக்கப்படுகிறது, போஸ்ட்கிரெஸ்ஸின் நிரல்மொழியான பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்லின் மாறிகளுக்கோ டேபிளின் செக் பொருந்துவதே இல்லை.