‘ஹினோகி’ என்று நம்பி வாங்கிய அலமாரி: ஜப்பானில் இருப்பவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்

என் 48,000 யென் போனது போனதுதான். டோக்கியோவில் அலமாரி வாங்கப்போகும் வேறு யாருக்காவது பணம் மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

கியோத்தோவில் கின்காகுஜி (Ginkaku-ji) என்ற கோயில் இருக்கிறதல்லவா (தங்கத்தகடு போர்த்திய Kinkaku-ji இல்லை, இது ‘வெள்ளி’ என்று பெயர் மட்டும் உள்ளது), அதன் வளாகத்தில் 1486இல் கட்டிய தோகுதோ என்ற சின்ன மண்டபம் உண்டு. அங்குள்ள ஓர் அறையில் இரண்டு பலகைகள், ஒன்று மேலே ஒருபக்கமாகவும் மற்றது கீழே மறுபக்கமாகவும் தள்ளி, நடுவில் ஒரு குட்டிக் காலால் இணைந்திருக்கும். இந்த அமைப்புக்கு சிகாய்தனா என்று பெயர். மேல்பலகையின் ஓரம் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். தூரிகை உருண்டு விழாமல் தடுக்க. படத்தில் பார்த்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு கண்.

அதே வடிவில் ஓர் அலமாரி ஆன்லைன் கடையில் கண்ணில் பட்டது. ஆணி இல்லாத மரப்பூட்டு, ஹோர்யூஜி என்ற பழைய மரக் கோயிலை 1,300 ஆண்டுகளாகத் தாங்கி நிற்கும் ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரம் என்றெல்லாம் விளம்பரம். என் ஜப்பானிய வாசிப்பு ரயில் நிலையப் பலகையோடு சரி. பக்கத்தை போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன், ‘ஹினோகி அலமாரி’ என்று வந்தது. வாங்கிவிட்டேன்.

பெட்டியைத் திறந்ததும் வாசனை கமகமவென்று வந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டது. அப்புறம்தான் ஒருநாள் துடைக்கும்போது கவனித்தேன்: மேல்பலகையில் இருந்த ஒரு கணு, கீழ்ப்பலகையிலும் அதே இடத்தில், அதே நாய்க்காது வடிவில் இருந்தது. இரண்டு பலகையில் ஒரே கணு எப்படி வரும்? அச்சடித்த தாள் என்றால் வரும்.

சந்தேகம் வந்தபின் சும்மா இருக்க முடியுமா? பலகைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த ஆப்பைக் கத்திமுனையால் நெம்பினேன். நிஜப் பூட்டில் ஒரு கட்டையின் முனையை நாக்குபோலச் செதுக்கி, மற்றதன் துளைக்குள் விட்டு, ஆப்பு அடித்து இறுக்குவார்கள். இங்கே ஆப்பு பிஸ்கட் மாதிரி கழன்று கையில் வந்தது. பின்னால் பசை, அதற்கும் பின்னால் ஒரு ஸ்க்ரூ. தூரிகையைத் தடுக்கும் அந்த அழகான ஓரம் பிளாஸ்டிக் பட்டை. ஜூன் மழைக்காலத்தில் அடிப்பலகை ஈரம் குடித்து உப்பி, விளிம்புத் தாள் பிரிந்து, உள்ளே மரத்தூள் பலகை தெரிந்தது.

ஜப்பானிய நண்பர் ஒருவரிடம் விற்பனைப் பக்கத்தைக் காட்டினேன். விவரப் பட்டியலில் ‘ஹினோகி’க்கு அடுத்திருந்த ஒற்றை எழுத்தைத் தொட்டுக் காட்டினார். அதை ‘சோ’ என்று வாசிக்க வேண்டுமாம். ‘ஹினோகி-சோ’ என்றால் ஹினோகி போலத் தோற்றம், அவ்வளவுதான். போன் அந்த எழுத்தை முழுங்கிவிட்டது. முழு மரம் என்றால் ‘முகு’ என்று போட்டிருப்பார்கள்; அந்தச் சொல் பக்கத்தில் எங்குமே இல்லை. அதே பட்டியலில் F எழுத்தும் நான்கு நட்சத்திரமும் இருந்தன. நான் தரமுத்திரை என்று நினைத்து மகிழ்ந்திருந்தேன்! அது ஒட்டுப்பலகை, பசை, பெயின்ட் போன்றவற்றிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைட் குறைவு என்பதற்கான குறி. முழு மரத்துக்கு அது தேவையே இல்லை. அதைப் பார்த்தால் எந்தப் பாகத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பலகையின் குறுக்குவெட்டு முனையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேலே ஓடும் ரேகைக்கு முனையிலும் தொடர்ச்சி இருக்க வேண்டும்.

கடைக்காரர் மிகமிகப் பணிவாக, ‘பக்கத்தில் சரியாகத்தான் எழுதியிருக்கிறோம், பிரித்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை’ என்று பதில் அனுப்பினார். வீடு தேடி வந்து விற்றால் இங்கே குறிப்பிட்ட நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு. ஆன்லைனில் நாமே தேடிப்போய் வாங்கினால் அது கிடையாது. கடை எழுதிவைத்த நிபந்தனைதான் சட்டம் மாதிரி. 188 என்ற நுகர்வோர் எண்ணை அழைத்தேன், பக்கத்து நுகர்வோர் மையத்துக்கு இணைத்தார்கள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டு, ‘ஆணி இல்லாத பூட்டு’ என்ற வரியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அது ‘போல’ என்று போடாமல் நேராகச் சொன்ன பொய்.

அந்த வரியைச் சுட்டிக்காட்டி எழுதிய பிறகு கடை கொஞ்சம் இறங்கி வந்தது. 5,000 யென் தருகிறார்களாம், நான் போட்ட ஒரு நட்சத்திர விமர்சனத்தை எடுத்துவிட வேண்டுமாம். இன்னும் எடுக்கவில்லை. அலமாரி பால்கனியில், பெரிய குப்பைக்கான ஸ்டிக்கர் ஒட்டி, வண்டிக்குக் காத்திருக்கிறது.