‘சந்தேரி பட்டு’ என்று நம்பி 389 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தேன்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம், பொங்கலுக்கான ‘நியூ கலெக்ஷன்’ அறிவிப்புகள் வரத் தொடங்கிவிட்டன. அதனால்தான் இதை இப்போதே எழுதிவிடுகிறேன். போன தீபாவளிக்கு நான் ஏமாந்த கதை இது. கடைப் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கும் பொட்டிக் என்பதோடு விட்டுவிடுகிறேன். இதே வேலையை வேறு யாரும் செய்யலாம். பெயரைவிட நடந்த விதம்தான் உங்களுக்கு உதவும்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. கடைக்காரப் பெண்ணே அனார்கலி போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடுகிறார். கீழே, ‘கைத்தறிச் சந்தேரி பட்டு, கையால் அச்சிட்ட அஜ்ரக் துப்பட்டா, எங்கள் சொந்த டிசைன், பத்தே பீஸ்’ என்று எழுதியிருந்தது. சந்தேரி என்பது மத்தியப் பிரதேசத்து ஊர், அங்கே நெய்யும் மெல்லிய துணிக்கும் அதே பெயர். அஜ்ரக் என்பது மரக்கட்டையால் அச்சிடும் வேலைப்பாடு. மெரூன் நிறம், ஓரத்தில் மெல்லிய ஜரிகை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஜோகூரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பி, “எப்படி இருக்கு?” என்று கேட்டேன். அவள், “உனக்கு எடுக்கும், ஆனா விலையைக் கேட்டுக்கோ” என்றாள். அந்த ஸ்கிரீன்ஷாட்தான் கடைசியில் என்னைக் காப்பாற்றியது. அப்போது அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே படியேறினேன். ஏசி, மல்லிகை வாசனை, சின்னச் செம்புக் குவளையில் இஞ்சி டீ. கடைக்காரர் என்னை ‘அக்கா’ என்றார், வேலைக்கு நிற்கும் பெண் ‘சிஸ்’ என்றாள். மாட்டியிருந்த மாதிரியைத் தொட்டுப் பார்த்தேன். துணி நல்ல துணிதான், அதில் சந்தேகமே இல்லை. காற்று மாதிரி லேசு, விளக்குக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிகிற மென்மை. துணி எனக்குத் தெரியும் என்ற மிதப்பு வேறு கொஞ்சம் உண்டு. சின்ன வயதில் அம்மாவோடு கடை கடையாகப் புடவை பார்த்து வளர்ந்தவள் நான். தொட்டதும் திருப்தியாகிவிட்டது. நான் தொட்டது ஒன்று, எனக்கு வரப்போவது வேறொன்று என்று தோன்றவே இல்லை.

“அக்கா, இது சாம்பிள். உங்க அளவுக்கே தைச்சுத் தருவோம்” என்றார். அந்தப் பெண் டேப் எடுத்துப் பதினான்கு அளவு எடுத்து நோட்டில் குறித்துக்கொண்டாள். அனார்கலியும் துப்பட்டாவும் 389 வெள்ளி. அதற்குப் பொருத்தமாக மணி கோத்த போட்லி என்னும் சுருக்குப் பை 78, ஜிமிக்கி 65. ஆக 532. அதன் மேல் ஜிஎஸ்டி ஒன்பது விழுக்காடு, 47 வெள்ளி 88 காசு. “விலைச் சீட்டில் போட்டதோடு முடியாதா?” என்று கேட்டேன். “எல்லா பொட்டிக்கிலும் இப்படித்தான் அக்கா” என்றார். முன்பணம் 300 வெள்ளியை, கைபேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ்வில் கட்டச் சொன்னார். கொடுத்ததோ கைபேசி எண். தட்டிப் பார்த்தால் யாரோ ஓர் ஆணின் பெயர் வருகிறது. “கடைக் கணக்குல இன்னைக்குக் கொஞ்சம் பிரச்சினை, அது அண்ணன் நம்பர்.” அங்கேயே கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். இஞ்சி டீ குடித்துவிட்டோமே என்று கட்டினேன்.

ரசீதில் என்ன இருந்தது தெரியுமா? டிரஸ் 1, பேக் 1, இயரிங் 1. அவ்வளவுதான். சந்தேரியும் இல்லை, அஜ்ரக்கும் இல்லை, அளவுத் தையல் என்ற பேச்சே இல்லை.

அக்டோபர் 5-ஆம் தேதி வரும் என்றார்கள். அப்புறம் சரக்கு வழியில் நிற்கிறது என்றார்கள், அப்புறம் தையற்காரருக்குக் காய்ச்சல். தீபாவளி 20-ஆம் தேதி, திங்கட்கிழமை. எனக்குக் கிடைத்தது 18-ஆம் தேதி, சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு. அந்த நேரத்தில் தேக்கா எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வரவே கால் மணி நேரம். போட்டுப் பார்க்கும் அறை முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசை. “வீட்டுல போட்டுப் பாருங்க அக்கா, ஆல்டரேஷன் ஃப்ரீ.” பெட்டி, ரிப்பன், உள்ளே மெல்லிய தாள், மேலே தங்க நிறத்தில் ஸ்டிக்கர். மீதி 279 வெள்ளி 88 காசைக் கட்டிவிட்டுப் பெட்டியைத் திறக்காமலே வந்தேன். நடக்கிற கூட்டத்தில் அந்த ரிப்பனை யார் அவிழ்ப்பது?

வீட்டில் பிரித்ததும் முதலில் சத்தம்தான் வித்தியாசமாகப் பட்டது. சரசரவென்று, பிளாஸ்டிக் பையைக் கசக்குவது போல. போட்டதும் துணி காலோடு ஒட்டிக்கொண்டது, கையை அருகில் கொண்டுபோனால் முடி நட்டுக்கொண்டது. துப்பட்டாவின் மறுபக்கம் வெளிறிக் கிடந்தது. வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “நல்லாத்தான் இருக்கு” என்றார். வேறு துணி எடுக்க நேரமில்லை. அதையே போட்டேன்.

தீபாவளியன்று ஈசூனில் நாத்தனார் வீட்டுக்குப் போகும்போது, மின்தூக்கிக்குள் பையின் பிடி அறுந்தது. மணியெல்லாம் தரையில் கொட்டி உருள்கிறது. உள்ளே பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த அங்பாவ் என்னும் அன்பளிப்புப் பண உறைகள், வீட்டுச் சாவி, எல்லாம் கீழே. உடன் வந்த சீனப் பாட்டி ஒருவர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். ஆறாம் மாடி, எட்டாம் மாடி என்று கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு மணி வெளியே ஓடுகிறது. “எவ்வளவு அண்ணி இந்தப் பை?” என்று நாத்தனார் கேட்டாள். இருபது வெள்ளி என்று பொய் சொன்னேன். மறுநாள் காலையில் இரண்டு காதும் சிவந்து வீங்கி, ஜிமிக்கி தொட்ட இடத்தில் பச்சையாகக் கறை.

அதற்குப் பிறகுதான் தேக்கா சென்டர் மாடியில் எனக்குப் பல வருடமாகத் தைத்துத் தரும் அண்ணனிடம் அனார்கலியை எடுத்துக்கொண்டு போனேன். இடுப்பு இறுக்கம், கொஞ்சம் பிரித்துத் தாருங்கள் என்று மட்டும்தான் கேட்டேன். அவர் உடையை உள்பக்கமாகத் திருப்பினார், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். “தங்கச்சி, இது அளவெடுத்துத் தைச்சதில்ல. எக்ஸ்எல் வாங்கிப் பக்கவாட்டுல பிடிச்சிருக்காங்க.” காட்டினார். ஓரத்தில் ஏற்கெனவே ஓவர்லாக் அடித்த தையல் மெரூன் நூல். அதற்கு ஓர் அங்குலம் உள்ளே புதுத் தையல், பழுப்பு நூல். கழுத்தில் பொட்டிக் பெயர் போட்ட சாட்டின் லேபிளை ஊசியால் நெம்பினார். அடியில் வேறொரு லேபிளைப் பிய்த்த இடம், நான்கு மூலையிலும் அறுந்த நூல் துணுக்கு. இடுப்புத் தையலுக்குள் சலவைக் குறிப்புச் சீட்டு ஒன்று இருந்தது. அதைக் கத்தரியால் பாதியில் வெட்டியிருந்தார்கள். மிச்சமிருந்தது ‘100%’ மட்டும். எதில் நூறு விழுக்காடு என்பது கத்தரிக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணன் தையல் மடிப்பிலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று உருவினார். சந்தேரி பட்டில் பெரும்பாலும் பாவு பட்டு, ஊடை பருத்தி என்று சொல்லிக்கொண்டே லைட்டரைத் தட்டினார். பட்டு நூல் எரிந்தால் முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை. இங்கே இரண்டு நூலும் எரியவே இல்லை, சுருண்டு உருகின. நுனியில் கடுகு மாதிரி கறுப்பாகக் கெட்டி உருண்டை, நசுக்கினால் நசுங்கவில்லை. “பாலியஸ்டர்” என்றார். துப்பட்டாவைப் பற்றி அவர் சொன்னது இன்னும் சுவாரசியம். அஜ்ரக்கில் மரக்கட்டையை ஒவ்வொன்றாக வைத்து வைத்து அச்சிடுவார்களாம். கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில் மயிரிழை அளவு விலகலாவது எங்காவது தெரியும், சாயமும் துணிக்குள் இறங்கியிருக்கும். இதில் முதல் பூவிலிருந்து கடைசிப் பூ வரை அச்சு அசல் ஒன்றே. மெஷின் பிரின்ட்.

பாலியஸ்டர் போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு நானே அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன், துவைத்துப் போட்டால் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம். குஜராத்தின் துணிச் சந்தையான சூரத்திலிருந்து வாங்கி இங்கே விற்பதும் தப்பில்லை, வியாபாரம் என்றால் அதுதான். அக்கா மகள் படத்தைக் கூகுளில் போட்டுத் தேடிப் பார்த்தாள். சூரத் மொத்த வியாபாரி ஒருவரின் கேட்டலாக்கில் இதே உடை ஆறு நிறத்தில் இருந்தது. ஒன்று 1,150 ரூபாய், நம் காசுக்குச் சுமார் பதினேழு வெள்ளி. அதை எண்பதுக்கு விற்றிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கைத்தறி, பட்டு, சொந்த டிசைன் என்ற மூன்று சொல்லுக்குத்தான் மீதிக் காசு கொடுத்தேன். மூன்றும் பொய்.

கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். ‘சேல் ஐட்டம் ரிட்டர்ன் இல்லை அக்கா, போர்டு பாக்கலியா?’ என்று பதில். கல்லாவுக்கு மேலே ‘நோ ரீஃபண்ட், நோ எக்ஸ்சேஞ்ச்’ என்று மாட்டியிருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் போர்டு, வாங்கியபின் நமக்கு மனம் மாறினால் மட்டும் செல்லும். சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் வேறு என்றால் அதைக் காட்டித் தப்ப முடியாது. 2012 செப்டம்பரிலிருந்து இங்கே ‘லெமன் லா’ என்று ஒன்று இருக்கிறது. நாமெல்லாம் எலுமிச்சையைத் திருஷ்டிக்குச் சுற்றுவோம், இது குறையுள்ள பொருளை வாங்கியவருக்கான சட்டம். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது வாங்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. இதை எழுதி அனுப்பியதும் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். இன்ஸ்டாகிராம் பதிவில் ‘சந்தேரி பட்டு’ என்ற சொல்லும் இரவோடு இரவாகக் காணாமல் போனது. அக்காவுக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மட்டும் தேதியோடு அப்படியே இருந்தது.

ரசீதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் கடையின் யுஇஎன், அதாவது நிறுவனப் பதிவு எண் இருந்தது. ஜிஎஸ்டி பதிவு எண்ணைக் காணோம். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் அந்த யுஇஎன்னைப் போட்டுத் தேடினால், ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த கடையே இல்லை. பதிவில்லாதவர் ஜிஎஸ்டி என்று ஒரு காசு வாங்கினாலும் குற்றம். பதிவு செய்த கடையாகவே இருந்தாலும் வரியையும் சேர்த்த விலையைத்தான் சீட்டில் போட வேண்டும், கல்லாவில் வந்து கூட்டக்கூடாது. கணவரின் கைபேசியிலிருந்து அந்தத் தேடல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன், வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பத்தே நிமிடம். 47 வெள்ளி 88 காசு பேநவ்வில் வந்து விழுந்தது, அதே ‘அண்ணன்’ நம்பரிலிருந்து.

மீதிக்குச் சிறுகோரிக்கை நடுவர் மன்றம். பயமுறுத்தும் பெயர், அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. வழக்கறிஞர் வைக்க முடியாது, இரண்டு தரப்பும் அவரவர்தான் பேச வேண்டும். 5,000 வெள்ளி வரையிலான தொகைக்குப் பொதுமக்கள் கட்டுவது பத்து வெள்ளி. அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸில் நுழைந்து வீட்டிலிருந்தே பதியலாம், இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும். போர்டில் இருக்கும் பெயரும் பதிவான பெயரும் வேறாக இருந்ததால், நிறுவனங்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் ஐந்தரை வெள்ளி கட்டி நிறுவன விவரம் எடுத்தேன். நடுவர் மன்றத்தில் கணினியிலேயே இரு தரப்பும் தொகையைச் சொல்லிப் பேசித் தீர்க்க வழி இருக்கிறது. 532 கேட்டேன். அவர்கள் 150 என்றார்கள், அப்புறம் 250. கடைசியில் அனார்கலியையும் துப்பட்டாவையும் திருப்பிக் கொடுத்து 340 வெள்ளி வாங்கிக்கொண்டேன். விடாமல் விசாரணை வரை போயிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். எனக்குத்தான் பொறுமை போய்விட்டது. பையும் ஜிமிக்கியும் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன, மணிகள் ஒரு மைலோ டின்னில்.

நேற்று அதே கடையின் பொங்கல் வீடியோ வந்தது. அதே வெட்டு, அதே ஜரிகை ஓரம், நிறம் மட்டும் பச்சை. கீழே ‘சந்தேரி ஃபீல்’ என்று எழுதியிருக்கிறார்கள். பத்தே பீஸ்தானாம். ஏற்கெனவே யாராவது முன்பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே அந்தப் பதிவைத் தேதியோடு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன துணி, எந்த ஊர்த் தறி, அளவுத் தையல் உண்டா என்று ரசீதிலேயே எழுதிக் கேளுங்கள். பெட்டியை அங்கேயே பிரியுங்கள், பின்னால் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. உள்பக்கம் திருப்பி இடுப்புத் தையலில் அந்தச் சீட்டைத் தேடுங்கள்.