ஐஸ் டீ போட எது வாங்கலாம்: ஜக்கா, மெஷினா, பிரெஞ்ச் பிரஸ்ஸா?

நான் வாங்கியது வாய் அகன்ற போரோசிலிகேட் கண்ணாடி ஜக். ஒன்றரை லிட்டர் பிடிக்கும். நடுவில் ஸ்டீல் சல்லடைக் குழாய், மூடியில் சிலிக்கோன் வளையம். அதனால் என் ஓட்டு ஜக்குக்குத்தான்.

கட்டனை (பால் விடாத டீயை) கடுப்பமாகப் போட்டு ஐஸில் ஊற்றினாலே போதும் என்பவர்கள் எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் சருவமும் டீ வடிக்கும் அரிப்பும் தாராளம். ஆனால் கடுப்பமான கட்டன் ஆறினதும் கலங்கிப்போகும். டீயிலுள்ள காஃபீனும், துவர்ப்பைத் தரும் பாலிஃபீனாலும் குளிரில் ஒன்றுசேர்வதால் வரும் கலங்கல் அது. பச்சைத் தண்ணீரில் இலையைப் போட்டு, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், கசப்பும் குறையும். ஜக் தேவைப்படுவது இதற்குத்தான். நம்ம ஊர் வெக்கையில் ராத்திரி முழுக்க அடுக்களை மேடையில் வைத்துவிடாதீர்கள்.

எலெக்ட்ரிக் மெஷினில் வந்த ஐஸ் டீயைச் சொந்தக்காரர் வீட்டில் குடித்ததோடு சரி, வைத்துப் புழங்கியதில்லை. சூடாக இறக்கி ஐஸ் மேல் விடுகிறது, அவ்வளவுதான். சருவம் செய்கிற வேலை. அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவருவதாக இருந்தால் அடியில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 120, இங்கே 230. நேராகச் செருகினால் மெஷின் போய்விடும். கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீராக இருந்தால் உள்ளே உப்பு படியும், அதை வினிகர் விட்டுக் கழுவும் வேலை வேறு.

பிரெஞ்ச் பிரஸ் என்பது சல்லடைத் தட்டை அழுத்தி இலையை அடியில் ஒதுக்கும் குடுவை. ஒன்றிரண்டு பேருக்குச் சரி. விருந்தாள் வந்தால் எட்டாது.

உண்மையில் முடிவு செய்வது கழுவுகிற வேலைதான். ராத்திரி முழுக்க டீ நின்ற பாத்திரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். ஃப்ரிட்ஜ் கதவில் நிற்கும் ஒடுங்கின பாட்டில் பார்க்க அழகு. தோள்பட்டை வளைவுக்குள் கை போகாது, பிரஷும் சரியாகத் தொடாது. பிரெஞ்ச் பிரஸ்ஸில் தட்டு, சல்லடை, சுருள்கம்பி என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் இடுக்கில் பழைய இலை ஊறிக் கிடக்கும். அகன்ற ஜக்கில் கையைவிட்டு, ஆப்பசோடா தூவி, ஈரத் துணியால் இரண்டு சுற்றுச் சுற்றினால் கறை போய்விடும். மூடி வளையத்தை மட்டும் ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்துத் தனியாக உலர்த்துங்கள். ஆனி, ஐப்பசி மழையில் அப்படியே விட்டால் வளையத்தின் அடியில் கரும்புள்ளி வந்து மூடியே நாறும்.

ஜக்கிலும் குறை உண்டு. பலசரக்குக் கடையில் கிடைக்கும் டஸ்ட் டீ சல்லடைக்குள் நிற்காமல் அடியில் வண்டலாகிவிடும். இலைத் தேயிலை வாங்குங்கள், லிட்டருக்குப் பத்து கிராம் அளவு போதும். போரோசிலிகேட் சூடு தாங்கும்தான். ஆனால் கொதிக்கிற டீயை விட்ட கையோடு ஐஸையும் கொட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீடென்றால் இதே அமைப்பில் ஸ்டீல் ஜக் பார்க்கலாம்.

ஆன்லைன் படத்தில் வாய் அகலம் தெரியாது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பாத்திரக்கடைக்கே போய், மூடியைக் கழற்றி, முஷ்டி அடிவரை இறங்குகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.