எடை இறங்காமல் நின்றால்: ஊசியோடும் ஊசி இல்லாமலும்

முதல் சில மாதம் மளமளவென்று இறங்கிய எடை அப்படியே நின்றுவிட்டால், சிலர் இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசியின் (செமாக்ளூடைட், டிர்செப்படைட்) அளவைக் கூட்டித் தரும்படி மருத்துவரிடம் கேட்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால், எடை உண்மையிலேயே நின்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, காபிக்கு முன்னால், தினமும் ஒரே மெஷினில் எடை பாருங்கள். ஒவ்வொரு நாள் எண்ணையும் பார்த்துக் கலங்காமல் ஏழு நாள் சராசரியைக் குறித்துவையுங்கள். நான்கு வாரம் சராசரியும் இடுப்பளவும் அசையாமல் இருந்தால்தான் அது தேக்கம். முந்தின இரவு பிரியாணி, கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய் என்று உப்பு ஏறியிருந்தால் மறுநாள் ஒரு கிலோ வரை கூடக் காட்டலாம், அது தண்ணீர். பெண்கள் போன மாதவிடாய்ச் சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிட வேண்டும். புதிதாக டம்பெல் தூக்கத் தொடங்கியவர்களுக்குத் தசையில் நீர் சேர்வதால், இடுப்பு குறைந்தும் எடை நிற்கும்.

நிஜமாகவே நின்றிருந்தால், அது மனஉறுதிக் குறைவு அல்ல. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் போட்ட கணக்குப்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் நாளொன்றுக்கு 20–30 கலோரி குறைவாகச் செலவழிக்கிறது. பசியோ அதே ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. பத்து கிலோ இறங்கியவரை எவ்வளவு பசி இழுக்கிறது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். ஆரம்பத்தில் அளந்து ஊற்றிய எண்ணெயும் பார்த்துப் போட்ட சோறும் தெரியாமலே பழைய அளவுக்குப் போய்விடுகின்றன.

எண்ணெயைப் பிடிக்க எளிய வழி உண்டு. ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் தேதி எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்ந்தால், தலைக்கு நாளொன்றுக்கு சுமார் 30 கிராம், அதாவது 270 கலோரி. அதை இரண்டரை லிட்டருக்குக் கொண்டுவந்தாலே நாளுக்கு 100 கலோரி குறையும், யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அடுத்த சந்தேகம் தேங்காய்ச் சட்னி. அதற்கடுத்தது டீயோடு வரும் பிஸ்கட்.

பிறகு புரதம். மூன்று இட்லியும் சட்னியும் சாப்பிட்டால் 10 கிராம்கூட வராது. பதினொரு மணிக்கே பசிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இலக்கு எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் வைத்துக்கொண்டால், 70 கிலோவுக்கு 84 கிராம் தேவை. இரண்டு முட்டை 12, பச்சையாக எடைபோட்ட கோழி 100 கிராமில் 22, உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15, ஊறவைக்கும் முன் 50 கிராம் கொண்டைக்கடலையில் 10, ஒரு பெரிய கிண்ணம் தயிரில் 7. மிச்சம் பருப்பிலும் சோற்றிலும் வந்துவிடும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. வாரம் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சியும் வேண்டும்; இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் போகும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து மூன்று வாரம் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

ஊசியும் தேக்கத்தை ஒழிப்பதில்லை. தேக்கம் வரும் எடையைக் கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான். 2021இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில் செமாக்ளூடைட் 2.4 மி.கி. எடுத்தவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. ஆனால் 60ஆவது வாரத்தை ஒட்டியே இறக்கம் நின்றுவிட்டது. 0.25 மி.கி.யில் எடை இறங்கவில்லை என்று பதறுவதில் பொருளில்லை. அது வயிறு பழகுவதற்கான தொடக்க அளவு. டிர்செப்படைடில் 2.5 மி.கி.யும் அப்படித்தான்.

அளவைக் கூட்டும் முன் மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்த ஊசிப் பேனாவைத் தூக்கிப்போட வேண்டியதுதான். 2–8 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாத வெயிலில் பைக் பெட்டியில் வைத்துப் போகவே கூடாது. தவறவிட்ட டிர்செப்படைடை நான்கு நாளுக்குள் போடலாம். அதைத் தாண்டினால் அடுத்த முறை நாளில்தான். ஊசி போட்டும் நிற்பவர்களிடம் முதலில் விசாரிக்க வேண்டியது குடிக்கும் கலோரியை. வயிறு நிறைந்த உணர்வில் சாப்பாடு இறங்காது, மில்க்ஷேக்கும் ஜூஸும் இறங்கிவிடும்.

இன்சுலின், கிளிமிபிரைடு (சர்க்கரை மாத்திரை), ஸ்டீராய்டு, ஓலான்சபின் (மனநோய்க்கு), வால்ப்ரோயேட் (வலிப்புக்கு), அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும்) ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. எதையும் தானாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள். தைராய்டு சரியாக இருக்கிறதா என்று காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் இந்த ஊசியைத் தொடங்கினால் சர்க்கரை திடீரென்று தாழலாம். முன்கூட்டியே அளவைக் குறைக்க வேண்டிவரும். முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் அது கணைய அழற்சியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எடை நின்றுவிட்டதே என்று ஊசியை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. ஸ்டெப் 1இல் மருந்தை நிறுத்தியவர்களுக்கு, இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்தது. எடை ஏறாமல் நிற்பதே மருந்து வேலை செய்வதன் அடையாளம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாகி, இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழ் வந்திருந்தால், நின்ற இடத்திலேயே இருப்பது நல்ல முடிவு. செலவு தாங்காமல் நிறுத்துவதாக இருந்தால் மருத்துவரோடு திட்டமிட்டு நிறுத்துங்கள். வாரச் சராசரி 2 கிலோ ஏறியதுமே அவரிடம் போங்கள், ஐந்து கிலோ ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.