பூர்வீக வீட்ட ஹோம்ஸ்டேயா விடலாமா, கல்யாண மண்டபமா விடலாமா? தீ, புகை கணக்கு

காரைக்குடி பக்கம் பெரிய வீடு வச்சிருக்க பங்காளிக நாலு பேரு கூடுனா இப்ப ஓடுற பேச்சு ஒண்ணுதான், பூட்டிப் போட்டு கரையான் திங்க விடுறதுக்குப் பதிலா எதையாவது செஞ்சு மராமத்து செலவாவது எடுப்போம்னு. எங்க வீட்லயும் இதே பேச்சு ஓடி கடைசில ஹோம்ஸ்டே, அதான் வெளியூர்க்காரங்களுக்கு தங்க ரூம் விடுறதுன்னு முடிவாச்சு, அதனால நான் நடுநிலையா பேசுறேன்னெல்லாம் சொல்ல மாட்டேன். வாடகை எதுல ஜாஸ்தின்னு கேட்டா மண்டபத்துலதான், அதுல பேச ஒண்ணுமில்ல. எங்கள இந்தப் பக்கம் தள்ளுனது தீ, புகை சமாச்சாரம்.

கட்டடம் அதேதான், செவரும் அதேதான், ஆனா உள்ள யாரு இருக்கப் போறாங்க, என்ன செய்யப் போறாங்கன்னு பாத்துத்தான் விதி மாறும். நேஷனல் பில்டிங் கோட் 2016னு நாட்டுக்கே பொதுவான கட்டட விதிப் புத்தகம், அதுல தீ பத்துன நாலாம் பாகத்துல மொத்தம் 9 பிரிவு. தங்குற எடம் ஏ, பள்ளிக்கூடம் பி, ஆஸ்பத்திரி முதியோர் இல்லமெல்லாம் சி, கூட்டம் கூடுற எடம் டி, குடோன் எச், இப்படிப் போகும். ஒவ்வொண்ணுக்கும் ஆளுக்கு இத்தன சதுர மீட்டர்னு ஒரு கணக்கு இருக்கு. 100 சதுர மீட்டர் எடம்னு வச்சுக்கங்க. தங்குறதுக்குன்னா ஆளுக்கு 12.5, ஆக 8 பேரு. பந்தி போடுறதுன்னா அம்பது பேருக்கு மேல. சேர் மட்டும் நெருக்கிப் போட்டு உக்கார வச்சா அதே எடத்துல நூறு பேருக்கும் மேல. எத்தன வழி வேணும், கதவு எத்தன அகலம், படி எத்தன அகலம் எல்லாம் இந்த எண்ணிக்கையில இருந்துதான் பொறக்குது.

மத்த யோசனையும் வந்துச்சு, சட்டுனு சொல்லிடுறேன். முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் யாவாரி ஒருத்தர் குடோனா கேட்டாரு. ஆளுக்கு 30 சதுர மீட்டர் கணக்கு, ஆளே இருக்க மாட்டாங்க, ஆனா பழைய தேக்கு சாமானும் வார்னிஷும் தின்னரும் அடுக்கி வச்சா மொத்த வீடும் விறகுக் கட்டுதான். வேணாம்னுட்டோம். சித்தப்பா முதியோர் இல்லம் வைக்கலாம்னாக. தானா எந்திரிச்சு ஓட முடியாதவங்க இருக்க எடத்துக்கு விதி ஏன் அத்தன கடுசா இருக்குன்னு நம்ம பக்கத்துக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடி மனநல காப்பகத்துல தீப்பிடிச்சு சங்கிலியோட 28 பேரு செத்தது இங்கருந்து கொஞ்ச தூரந்தான்.

இப்ப மண்டபத்துக்கு வருவோம். எல்லாம் வந்து நிக்கிறது கதவுலதான்.

நம்ம வீட்டு நிலைக்கதவ ஒருதடவ நல்லா பாருங்க. ரெட்டைக் கதவு, பர்மா தேக்கு, கீல் கிடையாது, மேலயும் கீழயும் குடுமி வச்சு குழியில சுத்துறது, உள்பக்கமாத்தான் தொறக்கும், கீழ வேற ஒரு வாசப்படி கால தட்டும். எங்க வீட்ல நிலைக்கு உள்ள டேப் வச்சு அளந்தா மூன்றரை அடி. கோட் சொல்றது, வெளியேறுற வாசல் பொதுவா 1 மீட்டருக்கு குறையக்கூடாது, கூட்டம் கூடுற கட்டடம்னா 2 மீட்டர், அதாவது ஆறரை அடி. ஒண்ணுல தேறிடுது, இன்னொண்ணுல பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அப்பறம் கதவு வெளிப்பக்கமா தொறக்கணும். இது எல்லாருக்குமே நல்லதுதான், ஆனா 8 பேருன்னா கதவ உள்ள இழுத்துத் தொறந்து போயிடலாம், 300 பேரு பயந்து வந்து கதவுமேல சாஞ்சா உள்ள இழுக்க எடம் ஏது? ஸ்ரீரங்கத்துல 2004 ஜனவரில கல்யாண மண்டபத்துல பந்தல் பத்திக்கிட்டப்ப மாப்பிள்ளையோட சேத்து 50 பேருக்கு மேல போனாங்க, கூட்டம் ஜாஸ்தி வழி கம்மி, வேற என்ன.

சரி, கதவ மாத்திட்டுப் போவோம்னு பெரியப்பா மகன் அண்ணன் சொன்னாக. நிலைய பேத்து ஆறரை அடிக்கு செவர இடிச்சா மேல இருக்க உத்தரம் என்ன ஆகும், அந்த சுண்ணாம்புப் பூச்சு திரும்ப வருமா, அதுவும் முகப்புல ஒண்ணு வளவுக்கு, அதான் நடு முற்றத்துக்குப் போறப்ப ஒண்ணு ரெண்டாங்கட்டுக்கு ஒண்ணுன்னு வரிசையா எத்தன நிலை. வீட்ட காப்பாத்தத்தான் வருமானம் தேடுறோம், அதுக்கு வீட்டையே ஒடைக்கணும்னா எதுக்கு?

அப்பத்தா இதக் கேட்டுட்டு, "என் கல்யாணத்துக்கு இந்த வளவுலதான்டா ஊரே சாப்பிட்டுச்சு, என்ன ஆயிப்போச்சு இப்ப"ன்னு கேட்டாக. ஞாயமான கேள்வி. அன்னைக்கு வளவு வானம் பாத்து தொறந்து கெடந்துச்சு, புகை வந்தா நேரா மேல போயிரும். முன்வாசல் ஒரு தெரு பின்வாசல் ஒரு தெரு, ரெண்டும் தொறந்திருக்கும், வந்தவங்க எல்லாருக்கும் வீடு பழக்கம். இன்னைக்கு மண்டபம்னா ஏசி கேப்பாங்க, ஏசின்னா வளவுக்கு மேல ஷீட் போட்டு மூடணும், கீழ துணி டெகரேஷன் தெர்மாகோல் எல்இடி, பின்கட்டுல கேஸ் சிலிண்டரு, பின்வாசல்ல சமையல்காரங்க சாமான். புகை வெளிய போற ஒரே ஓட்டைய நாமளே அடைச்சிடுறோம். டெல்லி உபஹார் தியேட்டர்ல 1997ல 59 பேரு செத்தாங்களே, பெரும்பாலும் புகையில மூச்சு முட்டித்தான், தீ அவங்ககிட்ட வரவேயில்ல.

மண்டபம் நான் நடத்துனதில்ல, தெரிஞ்சவங்க சொன்னதையும் படிச்சதையும் வச்சுத்தான் பேசுறேன். பக்கவாட்டுல காலி மனை இருந்து அதுல புதுசா மண்டபம் எழுப்பிக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு வேற.

ஹோம்ஸ்டேல ஆபத்தே இல்லையான்னா இருக்கு. கூட்டம் கம்மி, ஆனா ஆளு தூங்குவாங்க, வீடு தெரியாதவங்க. அதனால காசெல்லாம் கதவுல போகாம எழுப்பி விடுறதுல போச்சு. ரூமுக்கு ஒரு ஸ்மோக் டிடெக்டர், புகை பட்டா கத்துறது, வளவச் சுத்தி இருக்க தாழ்வாரத்துல வைக்கல, அங்க காத்துல புகை கலைஞ்சிரும். அடுப்படியில ஹீட் டிடெக்டர், ஸ்மோக் வச்சா தாளிக்கிறப்பெல்லாம் கத்தும். பவுடர் எக்ஸ்டிங்குஷர், அதான் தீயணைக்கிற சிலிண்டரு, நாலு மூலையிலயும் வச்சோம், கரண்ட் போர்டு பக்கம் மட்டும் கார்பன் டை ஆக்சைடு. அந்தப் பவுடர் பித்தளை சாமான்ல படிஞ்சா அரிச்சிரும், அது ஒரு கவலை. பழைய மர கேசிங் வயரிங்க முழுசா உருவி எறிஞ்சோம், செலவுல பாதி அதுலதான் போச்சு, ஆனா தாத்தா காலத்து வயர்ல ஏசிய மாட்டிட்டு டிடெக்டர் வச்சு என்ன பிரயோசனம். பின்வாசல் பூட்ட எடுத்துட்டு உள்தாழ்ப்பாள் மட்டும், ராத்திரியும் அப்படித்தான். இதுல எதுக்கும் ஒரு செவரும் இடிக்கல. பராமரிப்பும் பட்டன அமுக்கி டெஸ்ட் பண்றது, பேட்டரி, பவுடர் எக்ஸ்டிங்குஷர்ல முள்ளு பச்சையில இருக்கான்னு பாக்குறது, அவ்வளவுதான், வீட்டப் பாத்துக்கிற அண்ணனே செஞ்சிடுறாரு.

ரெண்டையும் சேத்து செய்யலாமே, ரூமும் விடுவோம் முகூர்த்த நாள்ல வளவையும் விடுவோம்னு கேக்குறவங்க இருக்காங்க. ஒரே கட்டடத்துல ரெண்டு உபயோகம் இருந்து நடுவுல தீ தாங்குற மாதிரி தடுப்பு இல்லாட்டி, ரெண்டுல எது கடுசோ அதுதான் மொத்தத்துக்கும். வளவ நடுவுல வச்ச வீட்ல எங்க போயி தடுப்பு கட்டுறது.

மாடிய நாங்க இன்னும் விடல. ஒத்தை மரப்படி, ரெண்டு பேரு எதிரெதிர வந்தா ஒருத்தர் ஒதுங்கணும், ஜன்னல் பூரா கம்பி. பின்பக்கம் இரும்புப் படி ஒண்ணு வச்சாத்தான் மாடி ரூம குடுக்கறதுன்னு சொல்லியாச்சு, மலேசியால இருக்க சித்தப்பா கையெழுத்து வரணும், வீடு எல்லாப் புள்ளிக்கும், அதான் பங்கு உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொதுதானே.